குரல் மட்டும் வராத வீடு

போன வாரம் எங்கள் வீட்டு இணையம் செத்துப்போனது. புகார் கொடுத்தேன். காபி குடித்து முடிப்பதற்குள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி' என்று செல்போனுக்குச் செய்தி வந்துவிட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், யாரைக் கேட்டு மூடினார்கள்? கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் பதிவு செய்த குரல் ஒன்று, இதை அழுத்து அதை அழுத்து என்று என்னை அலைக்கழிக்கிறது. வந்த கோபத்தில் மோடத்தைப் பிடுங்கி ஓடம்போக்கி ஆற்றில் வீசியிருப்பேன். "நீங்க பார்த்த வேலைதானே, உங்களுக்கே இந்தக் கதியா" என்று என் மனைவி சிரித்ததால் மோடம் பிழைத்தது.

நான் பார்த்த வேலைதான். அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருவாரூரில் கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன் நான். தனியார் கம்பெனி ஒன்று இங்கே இணையம் கொடுக்க ஆரம்பித்தபோது, மரம் ஏறத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் என்னை எடுத்துக்கொண்டார்கள். சென்னைக்கு அனுப்பிச் சில வாரம் பாடம் நடத்தினார்கள். பாதி புரியவில்லை, மீதி தூக்கம். திரும்பி வந்து, தலைமுடி கனத்துக் கண்ணாடி இழையை ஒட்டவைக்கப் பழகியபோதுதான் வேலை கைக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அதே ஆபீஸ், அதே ஏணி.

உண்மையில் வேலை கற்றுக்கொண்டது ரெஜினா மேடத்திடம். நாகப்பட்டினத்துக்காரர். எங்கள் பகுதிக்கு அவர்தான் மேலாளர். ஒல்லியான உருவம், குரலை உயர்த்தவே மாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அவர் திட்ட மாட்டார், கேள்வி கேட்பார். அதுவும் ஒரே கேள்வி. "லைன் ப்ராப்ளம் மேடம்" என்று போய் நின்றால், பார்த்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்தப் பக்கம்?" என்பார்.

அந்த இரண்டு வார்த்தைக்குள் எங்கள் தொழில் முழுவதும் அடங்கிவிடும். ஆபீஸிலிருந்து வாடிக்கையாளர் கையிலிருக்கும் போன் வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது. அதில் ஓர் இடத்தில் நின்று இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். தெருப் பெட்டிக்குக் கண்ணாடி இழை வழியாக வெளிச்சம் சரியாக வருகிறதா? வந்தால் கோளாறு வீட்டுப் பக்கம். மோடத்தில் நேராக ஒயரைச் செருகினால் ஓடுகிறதா? ஓடினால் கோளாறு வைஃபை பக்கம். இப்படித் தள்ளித் தள்ளிப் போனால் கடைசியில் ஏதோ ஓர் இடத்தில் கோளாறு கையில் மாட்டும். அந்த இடத்தைத் தொட்டுக் காட்டாமல் 'லைன் கோளாறு' என்று சொல்பவன் அவரைப் பொறுத்தவரை பொய் சொல்கிறான்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். சரிசெய்தபின் கோளாறு எங்கே இருந்தது என்பதை வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும். 'சரியாக இருக்கிறது' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் புகாரை மூடலாம். எங்களுக்கு இது பெரிய தொல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு! ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து கதாகாலட்சேபமா பண்ண முடியும்?

அந்த விதி எப்படி வந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு புயலுக்குப் பின், செல்போன் கோபுரங்கள் எல்லாம் படுத்துக் கிடந்த சமயத்தில், கடலோரக் கிராமத்து வீடு ஒன்றிலிருந்து புகார் வந்திருக்கிறது. போனவன் பாதி வழியில் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிவிட்டு, சரிசெய்தாயிற்று என்று மூடிவிட்டான். அந்த வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாமல், கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள், போய்ச் சேரவில்லை. காரியத்துக்கு மேடம் போய் உட்கார்ந்திருந்தார். 'உங்க கணக்குல எங்க வீட்டு லைன் நல்லா இருந்துச்சாமே' என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாளாம். இதை மேடம் எங்களிடம் சொன்னதே இல்லை. அவரைக் கூட்டிப்போன ஆபீஸ் டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

விளையாட்டுப் புகார்கள் ஊரடங்குக் காலத்தில் ஆரம்பித்தன. அதுவரை 'படம் சுத்திக்கிட்டே இருக்கு' என்று கூப்பிட்டவர்கள், 'லேக் அடிக்குது' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் எனக்கு எரிச்சல்தான். ஊரே வேலையில்லாமல் கிடக்கிறது, இவனுக்குத் துப்பாக்கி சுடுவதில் தாமதமாகிறதாம். தெற்கு வீதியில் ஓர் இன்ஜினியரிங் மாணவன் என்னைப் பார்த்ததும் பாய்ந்தான். "நான்தான் சார் முதல்ல சுட்டேன். ஆனா நான்தான் செத்துப்போறேன். ஸ்பீடு நூறு காட்டுது, என்ன ஸ்பீடு இது?"

அவனுக்கு நான் தண்ணீரை வைத்து விளக்கினேன். மேட்டூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பது ஒன்று, அது கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாளாகிறது என்பது வேறு. படம் பார்ப்பவனுக்கு முதலாவது போதும், விளையாடுகிறவனுக்கு இரண்டாவதுதான் உயிர். நீ சுட்டது அங்கே போய்ச் சேர்வதற்குள் எதிராளி சுட்டது போய்ச் சேர்ந்துவிடுகிறது. பையன் உடனே புரிந்துகொண்டான். சரி, தாமதம் எங்கே என்று தேடினால், ரவுட்டரையே காணோம். அவன் அம்மா, "இடி இடிச்சா போயிடும்னு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேங்க" என்றார். இரும்புப் பீரோ! அதற்குள்ளிருந்து அந்த ரவுட்டர் இத்தனை நாள் மூச்சுவிட்டதே பெரிய விஷயம்.

இப்படிச் சிரிக்கிற கதைகள் நிறைய உண்டு. மேடம் சொல்லி, சோதனைக்காக நானும் அந்த விளையாட்டை என் போனில் ஏற்றிக்கொண்டேன். இந்த வயதில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடினேன். என் பேத்தி வயதுப் பிள்ளைகள் என்னைச் சுட்டுத் தள்ளினார்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

கார்த்திகை மாதம், விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள். மன்னார்குடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்திலிருந்து புகார். 'விளையாட்டு ஓடுகிறது, குரல் மட்டும் வரவில்லை.' புகார் கொடுத்தவர் பெயர் சரோஜா. இந்த மாதிரிக் கோளாறு எனக்குப் பழக்கம்தான். விளையாட்டில் ஆள் நடப்பது ஒரு வழியில் வரும், பேசுகிறவர் குரல் வேறு வழியில் வரும். வீட்டில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு ரவுட்டரை மாட்டிவைத்திருந்தால் சில சமயம் குரல் மட்டும் அடைத்துக்கொள்ளும். போனால் முடித்துவிடலாம் என்றுதான் புறப்பட்டேன்.

ஊர் முகப்பில் டீக்கடையில் வீட்டை விசாரித்தேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, "எதுக்குங்க?" என்றார். நெட் ரிப்பேர் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து வந்து வழி காட்டினார், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

சரோஜாம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவியிருந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. நான் சின்னப் பையன் யாராவது விளையாடுவான் என்று நினைத்துக்கொண்டு, "போன் யாருதும்மா?" என்று கேட்டேன்.

"என்னுதுதாங்க. நான்தான் விளையாடுறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "சிரிக்காதீங்க சார். என் புள்ள பிரபு வளைகுடாவுல கட்டட வேலையில இருக்கான். அந்த நாட்டுல நெட்டு ஆப்புல கால் பண்ணா போவாதாம், அடைச்சு வச்சிருக்கானுவ. ஐஎஸ்டி போட்டா காசு கரையுது. இந்த விளையாட்டுக்குள்ள மட்டும் எவ்வளவு நேரம் வேணா பேசலாமுன்னு அவன்தான் சொல்லிக் குடுத்தான். விளக்கு வச்சா நான் உள்ள போயிடுவேன். அவன் வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து உள்ள வருவான். துப்பாக்கிய தூக்கிக்கிட்டு ஊர்க்கதை பேசுவோம்."

நாற்றங்கால், மாட்டுக்கு வந்த நோய், அத்தை மகள் கல்யாணம் எல்லாம் அந்தக் காட்டுக்குள்தான் பேசியிருக்கிறார்கள். மகன் முன்னால் ஓடிப்போய்ச் சண்டை போட்டு விளையாட்டில் செத்துவிட்டு, "அம்மா குனி, குனி! உன்னைச் சுடுறான் பாரு" என்று கத்துவானாம். கொஞ்ச நாளாக அவன் வருகிறான், குரல் மட்டும் வரவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டால் 'லைன் கோளாறு, சொல்லிக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போகிறாராம். பொறுத்துப் பார்த்துவிட்டு இவரே கம்பெனிக்குக் கூப்பிட்டுவிட்டார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். தெருப் பெட்டியில் வெளிச்சம் நன்றாக இருந்தது. மோடமும் நன்றாக இருந்தது. நான் எதிர்பார்த்த இரண்டாவது ரவுட்டர் இல்லை. நேராக ஒயரைச் செருகிச் சோதித்தேன், அனுப்பியதில் ஒரு துளிகூட வழியில் சிந்தவில்லை. அப்புறம் அவருடைய போனில் விளையாட்டைத் திறக்கச் சொல்லி, என் போனோடு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய், நானும் அவர் கூட்டணியில் சேர்ந்துகொண்டு, "அம்மா, கேக்குதா?" என்றேன். உள்ளேயிருந்து, "கணீர்னு கேக்குது சார்!" என்று சந்தோஷமாகக் கத்தினார்.

கேட்கிறது. அவர் பேசுவதும் எனக்குக் கேட்கிறது. அப்படியானால் கோளாறு இந்தப் பக்கம் இல்லை. எனக்கு வேலை முடிந்த திருப்தி. உள்ளே வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். போனில் அவர் மகனின் ஆள் வந்து நின்றான். பச்சைச் சட்டை, முதுகில் பை. சரோஜாம்மா, "பிரபு, சாப்டியாடா?" என்றார். அந்த ஆள் ஒரு முறை குதித்தான்.

"பாருங்க, நான் பேசுறது அவனுக்குக் கேக்குது. ஆமான்னா குதிக்கிறான். எழுதிப் போடுறான், 'நல்லா இருக்கேன்'னு. என் புள்ள சோம்பேறி சார், ஒரு வரி எழுத மாட்டான்." போனை என் பக்கம் திருப்பினார். "இன்னொண்ணும் கேக்கணும். முன்னல்லாம் என்னை உட்டுட்டு ஓடிடுவான். இப்ப என்னைவிட்டு நகரவே மாட்டேங்கிறான். நான் எங்க போனாலும் பக்கத்துலயே காவலுக்கு நிக்கிறான். இதுவும் லைன் கோளாறுல வருமாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கணவர் ராஜேந்திரன் என் தோளைத் தொட்டார். அதுவரை அவர் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்ததையே நான் கவனிக்கவில்லை. "சார், கொல்லைப் பக்கம் ஒயரு ஒண்ணு அறுந்து கெடக்கு, கொஞ்சம் பாருங்க" என்று கூட்டிப்போனார்.

கொல்லையில் அறுந்த ஒயர் எதுவும் இல்லை. வைக்கோல் போரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புள்ள போயிட்டான் சார். சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். பாடி வரணும்னா அங்க பேப்பரு எல்லாம் ஆவணுமாம், இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்குறானுவ. வந்து எறங்கற வரைக்கும் அவகிட்ட சொல்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். ஊரு முழுக்கத் தெரியும், அவளைத் தவிர. ரூமுல கூட இருந்த தம்பி ஒருத்தர்தான் அவன் போனுலேர்ந்து விளையாட்டுக்குள்ள வந்துட்டுப் போறாரு. வரலன்னா இவ சந்தேகப்படுவாளே."

வெளிநாட்டில் செத்தவனின் உடல் வந்து இறங்கும்வரை பெற்றவளிடம் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்படி நடந்து பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்காமல் எதை வைத்துக்கொண்டு அழுவாள், எத்தனை நாள் அழுவாள் என்பது அவர்கள் நியாயம். தெருவே சேர்ந்து நடிக்கும். அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அந்த நடிப்புக்குள் என் தொழிலும் இழுத்துவிடப்பட்டது.

"லைன்லதான் கோளாறு, பொருளு சென்னையிலேர்ந்து வரணும், நாளாவும்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்."

கும்பிட்டும் விட்டார். அந்த மனிதர் மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வீட்டுக்குள் விட முடியாமல் கொல்லையில் நின்றுகொண்டிருக்கிறார். அவர்மேல் கோபமும் வந்தது, எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு சின்னப் பொய். எத்தனையோ பேர் தினமும் சொல்கிற பொய். சொன்னால் அந்தத் தாய்க்கு இன்னும் சில நாள் மகன் உயிரோடு இருப்பான், சொல்லாவிட்டால் இன்றோடு செத்துவிடுவான். "சரிங்க" என்றுதான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

சரோஜாம்மா ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் மூடி போட்ட பாத்திரங்கள் மூன்று நான்கு இருந்தன.

"பாருங்க சார். அக்கம்பக்கத்துல எல்லாரும் தெனமும் கொழம்பு கொண்டாந்து குடுக்குறாங்க. எதுக்குடின்னு கேட்டா சிரிக்கிறாளுவ. நான் வந்தா பேச்ச நிறுத்திடுறாங்க. டீக்கடையில ரேடியோ பாடுறதில்ல." என்னை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை. "ஊருல யாரும் எனக்குச் சொல்ல மாட்டாங்க. நீங்க வெளியூரு. உங்க வேலைய மட்டும் சொல்லுங்க. கோளாறு எந்தப் பக்கம்? நம்ம பக்கமா, அவன் பக்கமா?"

எந்தப் பக்கம். இத்தனை வருஷம் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்று பழகிய வாய். நெஞ்சுவலிக்காரர் வீட்டுப் பெண் கேட்டது நினைவுக்கு வந்தது. கொல்லை வாசலில் ராஜேந்திரன் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டி ஒப்புக்கொண்ட பொய் நாக்கு நுனி வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

"நம்ம பக்கம் கோளாறு இல்லம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் சிலர் பிறகு என்னைச் சபித்ததாகக் கேள்விப்பட்டேன். சபிக்கட்டும். ராஜேந்திரன் அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதார். சரோஜாம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார், கேட்க வேண்டியது எதையும் கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போகவும் தோன்றவில்லை, இருக்கவும் முடியவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "லைன் நல்லா இருக்கு. நான் சொன்னேன்னு எழுதிக்கிட்டுப் போங்க சார்" என்றார்.

நான் புகாரை மூடவில்லை, போனை எடுக்கவே கை வரவில்லை. அவர்தான் தன் போனை எடுத்தார். ஹெட்போன் மாட்டாததால் சத்தம் வெளியிலேயே வந்தது, காட்டுக்குள் காற்று வீசும் சத்தம். எங்கேயோ யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டைக்காரன் அவருடைய ஆளுக்குப் பக்கத்தில் அசையாமல் காவல் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி" என்றார் சரோஜாம்மா. "நீ யாரு பெத்த புள்ளையோ தெரியல. இத்தன நாளா எனக்காவ வந்து நின்ன. போதுஞ்சாமி. வேல பாத்துட்டு வந்து பசியோட நிக்காத. போய் சாப்புடு."

அந்த ஆள் குதிக்கவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். வெகு நாளாக அணைந்து கிடந்த மைக் அடையாளம் பச்சையாக எரிந்தது. முதலில் மூச்சு மட்டும் வந்தது. அப்புறம் எங்கள் பக்கத்துப் பேச்சே இல்லாத ஒரு தெற்கத்திக் குரல்.

"மன்னிச்சிருங்கம்மா. நான் பேசுனா தெரிஞ்சிரும்னுதான்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல், "இன்னும் சாப்பிடலம்மா" என்றது.

லைன் அன்றைக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் மூக்கை உறிஞ்சியதுகூட வீடு முழுக்கக் கேட்டது.